முதல் அழைப்பிலிருந்து கடைசிச் சந்திப்பு வரை: புதிதாகத் தொடங்கும் உளவளத்துணையாளருக்கு ஒரு வேலை ஒழுங்கு

படிப்பை முடித்துவிட்டு, முதன்முறையாகத் தனி அறையில் துணைநாடி (உளவளத்துணை தேடி வருபவர்) ஒருவரின் முன்னால் உட்காரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோட்பாடுகள் உங்களுக்குத் தெரியும். தடுமாற வைப்பது ஒழுங்கு: எதை முதலில் செய்வது, எதைப் பிற்போடுவது. நான் மேற்பார்வை செய்த புதியவர்களில் அறிவு போதாமல் இடறியவர்கள் குறைவு. மூன்றாம் மாதம் செய்யவேண்டியதை முதல் நாளே செய்யப்போய் இடறியவர்களே அதிகம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

கீழே வரும் ஆட்கள் ஒவ்வொருவரும் பலரைக் கலந்து செய்தவர்கள். யாரையாவது அடையாளம் கண்டுவிட்டதாக நினைத்தால், அது உங்கள் மனம் செய்த வேலை.

1. அறையையும் தொலைபேசிப் பட்டியலையும் முதலில் தயார் செய்யுங்கள்

என் அறை வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம், இரண்டாம் மாடியில். கரையோர ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும். கொழும்பில் சத்தமில்லாத அறை கிடைக்காது, அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். வெளிச்சத்தம் உள்ளே வருவதைச் சமாளிக்கலாம். உள்ளே கதைப்பது வெளியே கேட்கக் கூடாது. கதவை மூடி ஒருவரை உள்ளே கதைக்கவிட்டு, வெளியே நின்று கேட்டுப் பாருங்கள். சொற்கள் விளங்கினால் கதவுக்கு வெளியே ஒரு மேசை மின்விசிறியை ஓடவிடுங்கள். மலிவான வழி, நன்றாக வேலை செய்யும்.

கதிரைகள் இரண்டும் ஒரே உயரமாக இருக்கட்டும். நேருக்கு நேர் போடாமல் கொஞ்சம் சரித்துப் போட்டால், கண்ணைப் பார்க்க முடியாத நேரத்தில் அவர் வேறெங்காவது பார்க்கலாம். துணைநாடியின் கதிரையிலிருந்து கதவு தெரிய வேண்டும், வழியில் ஒன்றும் இருக்கக் கூடாது. தடுப்புக்காவலில் இருந்தவர்களும் வீட்டில் அடிவாங்கியவர்களும் உள்ளே வந்தவுடன் பார்ப்பது வெளியே போகும் வழியைத்தான். மணிக்கூட்டை அவருடைய தலைக்குப் பின்னால் மாட்டுங்கள். நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவர் தன் கதையைச் சுருக்குவார்.

டிஷ்யூப் பெட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நீங்கள் எடுத்து நீட்டாதீர்கள். நீட்டினால் பலர் அதை ‘அழுதது போதும்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு சந்திப்புகளுக்கு இடையில் 15 நிமிடமாவது விடுங்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் தமிழர் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம். படிக்கட்டில் ஒருவரையொருவர் கண்டுவிட்டால் இரண்டு பேருமே அடுத்த கிழமை வரமாட்டார்கள்.

பிறகு பட்டியல். கேள்வி கேட்காமல் உடனே பார்க்கக்கூடிய ஒரு மனநல வைத்தியர், ஒரு பொது வைத்தியர், ஒரு சட்டத்தரணி, உங்கள் வேலையைக் கேட்டு வழிகாட்டும் மூத்தவரான மேற்பார்வையாளர். இவற்றோடு அங்கொடை தேசிய உளநல நிறுவகத்தின் 24 மணித்தியால இலக்கம் 1926, இலவசமாகக் கதைக்கக்கூடிய 1333, சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938, அம்புலன்சுக்கு 1990. இதைப் போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். கை நடுங்கும் நேரத்தில் போனைத் திறந்து தேட முடியாது. ஒரு அட்டையில் பெரிதாக எழுதி மேசை இலாச்சிக்குள் ஒட்டிவையுங்கள்.

மேற்பார்வையாளர் இல்லாவிட்டால் தொடங்கவே வேண்டாம்.

2. அழைப்பவர் யார் என்று பாருங்கள்

முதல் அழைப்பு பெரும்பாலும் வரப்போகிறவரிடமிருந்து வராது. அம்மா எடுப்பார், அக்கா எடுப்பார், சில நேரம் கனடாவிலிருந்து சித்தப்பா எடுப்பார். “மிஸ், மகன் படிக்கிறானில்லை, அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிறான். நீங்கள் ஒருக்கா சொல்லிப் பாருங்கோ.” இந்த அழைப்பை ஏற்று நேரம் கொடுத்துவிட்டால், வந்து உட்காரும் பையனுக்கு நீங்கள் அம்மாவின் ஆள். அந்தப் பெயரைக் கழுவ இரண்டு மாதம் போகும்.

அதனால் அழைப்பவர் சொல்வதைக் கேளுங்கள், அவருடைய பதற்றத்துக்கு இடம் கொடுங்கள். பிறகு, வயது வந்தவர் என்றால், அவரே ஒரு தடவை அழைக்கவேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு வரிச் செய்தி அனுப்பினாலும் போதும். தானே எடுத்துவைத்த அந்தச் சின்ன அடி பிறகு பெரிய உதவி செய்யும்.

அவர் அழைத்ததும் கேட்கவேண்டியது: “இந்த இலக்கத்துக்கு மெசேஜ் அனுப்பலாமா? வேற ஆராவது பார்ப்பினமோ?” எங்கள் வீடுகளில் போன் பொதுச்சொத்து. ‘நாளை 4 மணிக்குச் சந்திப்பு’ என்ற ஒரே வரி ஒரு பெண்ணை வீட்டில் விசாரணைக்கு உட்படுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். அனுப்பியது நான்தான்.

3. முதல் பத்து நிமிடத்தில் விதிகளைச் சொல்லிவிடுங்கள்

புதியவர்கள் அன்பாக இருக்க வேண்டும் என்று நினைத்து, இரகசியம் பற்றிய பகுதியைக் கடைசிக்கு விடுகிறார்கள். அதற்குள் அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பார். எதை யாரிடம் சொல்வீர்கள் என்று தெரியாமல் அவரைப் பேசவைப்பது நியாயமில்லை.

நான் ஏறக்குறைய இப்படிச் சொல்வேன்: “இங்க கதைக்கிறது இந்த அறைக்கு வெளியில போகாது. சில இடங்களில மட்டும் நான் வேறொருவருக்குச் சொல்ல வேண்டி வரும். உங்கட உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால், நீங்கள் இன்னொருவருக்கு ஆபத்து செய்யக்கூடும் என்று இருந்தால், ஒரு பிள்ளைக்குத் துன்பம் நடக்குது என்று தெரிஞ்சால். நீதிமன்றம் கட்டளை போட்டாலும் அப்படித்தான். சொல்லுறதுக்கு முதல் இயலுமான வரை உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவன்.” இன்னொரு விஷயம், என் மேற்பார்வையாளரிடம் பெயர் இல்லாமல் கலந்து கதைப்பேன் என்பது. இதை மறைக்காதீர்கள்.

தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்து அவர் கையிலும் கொடுங்கள். பதற்றத்தில் இருப்பவருக்குக் காதால் கேட்டது பாதிதான் நிற்கும்.

இந்த விதி சோதனைக்கு வருவது சந்திப்பு முடிந்த பிறகு. அம்மா வாசலில் நிற்பார். “மிஸ், மகள் என்ன சொன்னவ?” விடையை முன்கூட்டியே பழகி வையுங்கள். “நீங்கள் கவலைப்படுறது விளங்குது அம்மா. மகள் கதைச்சதை நான் சொல்லேலாது. அவவே உங்களுக்குச் சொல்ல விரும்பினால் நான் பக்கத்தில இருந்து உதவி செய்வன்.” இதை மகள் கேட்கும்படி சொல்லுங்கள். நீங்கள் சொன்ன விதியை நீங்களே காப்பாற்றுவதை அவள் நேரில் பார்க்கிறாள்.

உங்களை ‘டொக்டர்’ என்று கூப்பிட்டால், நீங்கள் வைத்தியர் இல்லையென்றால் உடனே திருத்துங்கள். திருத்தாவிட்டால் குளிசை எழுதித் தருவீர்கள் என்று காத்திருப்பார். ‘மிஸ்’, ‘சேர்’, ‘அக்கா’ எதுவென்றாலும் அவர் வாயில் வருவதை விட்டுவிடலாம். எங்கள் ஊரில் பெயர் சொல்லி அழைக்கச் சொல்வது ஆளைச் சங்கடப்படுத்தும்.

4. அவருடைய சொல்லையே பிடித்துக்கொள்ளுங்கள்

முதல் இரண்டு மூன்று சந்திப்புகளின் வேலை கேட்பது. கேட்பது என்றால் தலையை ஆட்டிக்கொண்டு இருப்பதல்ல, அவர் எந்தச் சொல்லில் தன் வேதனையை வைத்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு அன்ரி ‘ஒரே யோசினை’ என்பார். அது சிந்தனை இல்லை. இரவிரவாகத் தலைக்குள் சுற்றும் கவலை அது. ‘அவர் என்னைப் பேசிப்போட்டார்’ என்றால் திட்டிவிட்டார் என்று பொருள். ஹட்டனிலிருந்து வந்து புறக்கோட்டைக் கடையில் வேலை செய்யும் தம்பி ‘பேசணும்’ என்றால் அது வெறுமனே கதைப்பது. வாப்பா மௌத்தான கதையைச் சொல்லும் பிள்ளையிடம் நீங்கள் ‘அப்பா இறந்தது’ என்று திருப்பிச் சொன்னால் பொருள் மாறாது, ஆனால் நெருக்கம் ஒரு அங்குலம் குறையும். கொழும்பில் ஒரே நாளில் இந்த மூன்று தமிழும் உங்கள் கதிரைக்கு வரும்.

‘மன அழுத்தம்’ என்ற சொல்லைக் கவனமாகக் கையாளுங்கள். வேலைப்பளுவையும் சொல்கிறார்கள், மனச்சோர்வு நோயையும் சொல்கிறார்கள். “அது வரேக்க உடம்பில என்ன நடக்கும்? அன்றைக்கு என்னென்ன செய்யாமல் விடுவீங்கள்?” என்று கேட்டால் எது என்று தெரிந்துவிடும்.

பலர் உடம்பின் வழியாகத்தான் சொல்வார்கள். தலையிடி, நெஞ்சு எரிவு, கை கால் உளைவு, பெருமூச்சு. ‘இது மனதில்தான்’ என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். முதலில், தைரொயிட் குறைவும் இரத்தச்சோகையும் மனச்சோர்வு போலவே தோன்றும், வைத்தியரிடம் ஒரு இரத்தப் பரிசோதனை செய்யாமல் நாம் சொல்ல முடியாது. இரண்டாவது, உடம்பு நோகிறது என்று சொல்கிறவருக்கு உண்மையாகவே நோகிறது. ‘எனக்கென்ன விசரோ?’ என்ற கேள்வியோடுதான் வாசற்படி ஏறியிருப்பார். ‘அங்கொடைக்கு அனுப்பவேணும்’ என்பது இங்கே இன்னும் ஏச்சாகவே புழங்குகிறது.

மௌனத்துக்குப் பயப்படாதீர்கள். என் அறையில் ரயில் போகும்போது இருவரும் நிறுத்திக்கொள்வோம். புதியவர் ஒருவர் அங்கே பழகியபோது ரயிலுக்கு மேலே குரலை உயர்த்திக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம். வந்து பழகிய பிறகு பலர் அந்த அரை நிமிடத்தை மூச்சு விடப் பயன்படுத்துகிறார்கள். சிலர் இன்னொன்றும் செய்கிறார்கள்: மிகக் கடினமான வசனத்தை ரயில் போகும்போது சொல்லிவிடுகிறார்கள். உதடு அசைவது தெரியும், சத்தம் வராது. ரயில் போன பிறகு நான் கேட்பேன்: “இப்ப ஏதோ சொன்னீங்கள், எனக்குக் கேக்கேல்லை. திருப்பிச் சொல்லுறதோ விடுறதோ உங்கட விருப்பம்.” ஒரு அண்ணா ஏழாவது கிழமைதான் திருப்பிச் சொன்னார்.

5. உயிராபத்தைப் பற்றி நேராகக் கேளுங்கள்

முதல் சந்திப்பு முடியும் முன் இது நடந்துவிட வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் கேட்காதீர்கள், பாதி வழியில் கேளுங்கள். ‘ஓம்’ என்று பதில் வந்தால் உங்களுக்கு நேரம் வேண்டும்.

புதியவர்கள் இங்கே சுற்றி வளைப்பார்கள். “தவறான எண்ணம் ஒன்றும் வரேல்லைத்தானே?” இந்தக் கேள்வியே ‘இல்லை’ என்று சொல்லும்படி கெஞ்சுகிறது. “இப்படிக் கஷ்டப்படுற நேரத்தில சிலருக்குச் செத்துப்போகலாம் என்ற எண்ணம் வரும். உங்களுக்கு வந்திருக்கா?” என்று கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒருவராவது கேட்டார் என்ற ஆறுதல்தான் பலருடைய முகத்தில் தெரியும்.

ஓம் என்றால் ஒழுங்காகப் போங்கள்: எவ்வளவு அடிக்கடி வருகிறது, எப்படிச் செய்வதென்று யோசித்ததுண்டா, அதற்கானது வீட்டில் இருக்கிறதா, முன்பு எப்போதாவது முயன்றதுண்டா, இதுவரை எது தடுத்து வைத்திருக்கிறது. கடைசிக் கேள்வியின் விடையை எழுதி வையுங்கள். பிறகு அதை வைத்துத்தான் வேலை செய்யப் போகிறீர்கள்.

அடுத்தது பாதுகாப்புத் திட்டம். அமெரிக்க உளவியலாளர்களான ஸ்டான்லி, பிரவுன் இருவரும் வகுத்த ஆறு பகுதி வடிவத்தை நான் பயன்படுத்துகிறேன்: எச்சரிக்கை அறிகுறிகள், தனியாகச் செய்யக்கூடியவை, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய உறவினர் நண்பர், தொழில்முறை உதவி, வீட்டைப் பாதுகாப்பாக்குவது. அவருடைய கையெழுத்தில், அவருடைய சொற்களில். ‘கடற்கரைக்குப் போவேன்’ என்று எழுதினால், இரவு 11 மணிக்கு என்ன செய்வார் என்று கேளுங்கள். திட்டம் உடைவது அந்த நேரத்தில்தான்.

ஆறாவது பகுதியைத் தவறவிடாதீர்கள். வீட்டில் சேர்ந்து கிடக்கும் குளிசைகளை யார் எடுத்து வைப்பார் என்று பெயரோடு முடிவு செய்யுங்கள். கையில் எட்டாவிட்டால் பல நெருக்கடிகள் கடந்துபோய்விடும். ‘செய்யமாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்கோ’ என்று கையை நீட்டாதீர்கள். சத்தியம் யாரையும் காப்பாற்றியதாக ஆதாரம் இல்லை, மீறினவர் வெட்கத்தில் உங்களிடம் திரும்பி வரமாட்டார்.

ஆபத்து உடனடியானது என்றால் தனியே அனுப்பாதீர்கள். மனநல வைத்தியரை அழையுங்கள், தேவைப்பட்டால் 1990. ‘பொலிஸ் கேஸ் ஆகிவிடும்’ என்று குடும்பம் பயப்படும். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 இலிருந்து குற்றம் அல்ல. இந்த ஒரு தகவலைச் சொன்னதும் வைத்தியசாலைக்குப் போகச் சம்மதித்த குடும்பங்கள் உண்டு.

6. போகும் இடத்தைச் சேர்ந்து முடிவு செய்யுங்கள்

‘நிம்மதி வேணும்’ என்பார்கள். நியாயமான ஆசை, ஆனால் வந்ததா வரவில்லையா என்று பார்க்க முடியாது. “நிம்மதி வந்திட்டால், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை என்ன வித்தியாசமாய் இருக்கும்?” என்று கேளுங்கள். ‘பிள்ளையோட சேர்ந்து இராச்சாப்பாடு சாப்பிடுவன்’ என்று பதில் வந்தால் இலக்குக் கிடைத்துவிட்டது.

1979 இல் போர்டின் என்ற உளவியலாளர், வேலை செய்யும் உறவுக்கு மூன்று பகுதிகள் உண்டு என்றார்: இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, பிணைப்பு. புதியவர்கள் மூன்றாவதில் மட்டும் நிற்பார்கள். துணைநாடிக்கு உங்களைப் பிடிக்கும், ஆனால் எதற்கு வருகிறார் என்று அவருக்கே தெரியாது. ஐந்தாம் கிழமை நின்றுவிடுவார்.

அளவீடு ஒன்றும் வேண்டும். மனச்சோர்வுக்கு பி.எச்.கியூ-9 எளிது: கடந்த 2 கிழமைகளைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவு பற்றிய எண்ணத்தைக் கேட்கும். தாளை வாங்கியவுடன் முதலில் அதைப் பாருங்கள், மொத்தத்தைப் பிறகு கூட்டலாம். புள்ளி குறைவாக இருந்தும் ஒன்பதாவதில் 2 போட்டவர்களைக் கண்டிருக்கிறேன். இலக்கத்தைத் தீர்ப்பாகச் சொல்லாமல், “போன மாதம் 17, இப்ப 12. என்ன மாறினது என்று நினைக்கிறீங்கள்?” என்று கேள்வியாக்குங்கள்.

7. காலூன்ற வைத்த பிறகுதான் பழைய காயம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுங்கள்.

தொடங்கிய வருடங்களில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். 1983 யூலைக் கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்ததைச் சிறுபிள்ளையாகப் பார்த்தவள். முதல் சந்திப்பிலேயே சொல்லத் தொடங்கினாள். என் கேட்கும் திறமையில் எனக்கே ஒரு பெருமை. ‘பிறகு?’, ‘பிறகு?’ என்று கேட்டுக்கொண்டே போனேன். புகை மணத்தைச் சொன்ன இடத்தில் அவளுடைய குரல் மாறிவிட்டது, கை குளிர்ந்துவிட்டது, நேரமும் முடிந்துவிட்டது. அப்படியே எழுந்து காலி வீதியில் பஸ் ஏறினாள். பிறகு வரவேயில்லை. என் மேற்பார்வையாளர் கேட்டது ஒரே கேள்வி: “அதைத் திறக்க முன்னம், திருப்பி மூட அவவுக்கு என்ன குடுத்தனீ?” ஒன்றும் கொடுக்கவில்லை.

அமெரிக்க மனநல வைத்தியர் ஜூடித் ஹேர்மன் 1992 இல் எழுதியதும் இதே ஒழுங்கைத்தான்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவும் துக்கமும், பிறகு மற்றவர்களோடு மீண்டும் இணைவது. முதல் கட்டத்துக்கு என்னென்ன வேண்டும் என்று பார்ப்போம்.

*மூச்சு.* நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு மெதுவாகும். ‘ஆழமாக மூச்சு எடுங்கோ’ என்று சொல்லாதீர்கள். பதற்றத்தில் இருப்பவர் வேகவேகமாக இழுத்துத் தலைசுற்றிப் போவார். அமைதியாக இருக்கும் நேரத்தில் பழக்குங்கள், நெருக்கடியில் புதிதாக எதையும் கற்க முடியாது.

*தரையிறக்கல்.* கண்ணுக்குத் தெரியும் ஐந்து, தொட்டுணரும் நாலு, கேட்கும் மூன்று, மணக்கும் இரண்டு, சுவைக்கும் ஒன்று. தீயில் தப்பியவருக்கு மணம் ஆபத்தானது. அவருக்கு அந்த இரண்டை விட்டுவிட்டுக் காலை நிலத்தில் அழுத்தச் சொல்லுங்கள். முறையை ஆளுக்கேற்ப வெட்டித் தைக்க வேண்டும்.

*நித்திரையும் சாப்பாடும்.* இரவு ஒன்பது மணித் தேத்தண்ணியை நிறுத்தியதால் பாதிக் கவலை குறைந்தவர்கள் இருக்கிறார்கள். கேட்காமல் விடாதீர்கள்.

*இப்போதைய ஆபத்து.* அடிக்கும் கணவனோடு இன்னும் ஒரே வீட்டில் இருப்பவரிடம் சின்ன வயதுக் காயத்தைக் கிளறுவதில் பயனில்லை. சட்டத்தரணியின் இலக்கம் உங்கள் பட்டியலில் இருப்பது இதற்குத்தான்.

தயாரா என்று எப்படித் தெரியும்? கலங்கிய நிலையிலிருந்து தானே சில நிமிடங்களில் இறங்கி வர, உங்கள் முன்னால் இரண்டு மூன்று தடவை செய்து காட்டியிருக்க வேண்டும். வெளியே ஒரு ஆளாவது அவருக்குத் துணையாக இருக்க வேண்டும். அவருக்கே விருப்பமும் வேண்டும். சிலருக்கு ஒரு மாதம், சிலருக்கு ஒரு வருடம்.

8. காயத்தைத் தொடும்போது நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாருக்கும் இது தேவைப்படாது. முதல் கட்டத்திலேயே வாழ்க்கை நகரத் தொடங்கி, ‘இது காணும் மிஸ்’ என்று போனவர்கள் தோற்றவர்கள் இல்லை. பேரனர்த்தம் நடந்த மறுநாளே ஆட்களைக் கூட்டி நடந்தது முழுவதையும் சொல்லவைக்கும் ஒற்றைச் சந்திப்பு முறையை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. சொல்ல வராதவரை இழுக்காதீர்கள்.

சொல்ல வந்தவருக்கு, ஐம்பது நிமிடத்தை மூன்றாக வெட்டுங்கள். முதல் பத்து நிமிடம் இந்தக் கிழமை எப்படிப் போனது. நடுவில் முப்பது, காயம். கடைசிப் பத்தில் காயத்திலிருந்து வெளியே வருவது: மூச்சு, தண்ணீர், இங்கிருந்து எப்படி வீட்டுக்குப் போகிறார், வீட்டில் யார் இருக்கிறார், இரவு என்ன சமையல். சமையல் பற்றிய கேள்வி புதியவர்களுக்கு அற்பமாகப் படும். அந்தக் கேள்விதான் ஆளை 1983 இலிருந்து இன்றைய பின்னேரத்துக்குக் கூட்டி வருகிறது.

சிலர் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு மிகப் பெரிய விஷயத்தைச் சொல்வார்கள். திரும்ப உட்காரவைத்து அரைமணி நேரம் நீட்ட மனம் துடிக்கும். உயிராபத்து இல்லையென்றால் நீட்டாதீர்கள். “இதைச் சொன்னது நல்லது. அடுத்த கிழமை இதில இருந்து தொடங்குவம்” என்று சொல்லி, அப்படியே தொடங்குங்கள். மறந்துவிட்டால் மன்னிப்பே இல்லை. அதனால் கதவு மூடியவுடன் எழுதிவிடுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் பற்றித் தனியாக ஒன்று. வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்து இருப்பவர்களில் இப்படிப் பலர். ஒரு அம்மா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மகனுக்குச் சேட்டு வாங்கி அலுமாரியில் வைக்கிறார். ‘ஏற்றுக்கொள்ளுதல்’ என்ற படிப்பினை நம் கையில் இருக்கும், அதை அவர் மேல் போட ஆசை வரும். போடாதீர்கள். அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் போலின் பொஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். உடலும் இல்லை, செய்தியும் இல்லை, துக்கம் எங்கே முடிவது? மகன் இருக்கிறான், இல்லை என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படிச் சமைப்பது, எப்படிக் கலியாண வீட்டுக்குப் போவது என்பதுதான் அங்கே வேலை. சேட்டு அலுமாரியிலேயே இருக்கட்டும்.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம், நூல் கட்டுதல், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார்: இவற்றோடு போட்டி போடாதீர்கள். அங்கே போனால் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். உங்களிடம் ஒரு மணித்தியாலம் இருக்கிறார், அந்தோனியாரிடம் இருபது வருடமாகப் போகிறார்.

9. மிச்சம் 167 மணித்தியாலம்

கிழமைக்கு 168 மணித்தியாலம். ஒன்று உங்களோடு. மாற்றம் மிச்சத்தில் நடக்க வேண்டும், ஆகவே ஒவ்வொரு சந்திப்பும் ஒரு சின்ன வேலையோடு முடியட்டும்.

சின்னது என்றால் உண்மையிலேயே சின்னது. மனச்சோர்வில் கிடக்கும் ஒருவருக்குப் புதியவர் ஒருவர் கொடுத்த வேலை: தினமும் காலி முகத்திடலில் ஒரு மணித்தியாலம் நடப்பது. அவர் இருப்பது வத்தளையில். ஒரு நாளும் போகவில்லை, அடுத்த சந்திப்புக்கும் வரவில்லை. அதே ஆளுக்குப் பிறகு மாற்றிக் கொடுத்தது: காலையில் யன்னலைத் திறந்து, தேத்தண்ணியை அங்கே நின்று குடிப்பது. கிழமைக்கு மூன்று நாள். நாலு நாள் செய்தார்.

உற்சாகம் வந்த பிறகு செய்யலாம் என்று அவர் காத்திருப்பார். மனச்சோர்வில் ஒழுங்கு தலைகீழ். செய்த பிறகுதான் உற்சாகம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். இதை வேலை கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். செய்யாமல் வந்தால் கண்டிக்காதீர்கள், எது தடுத்தது என்று ஆராயுங்கள். பெரும்பாலும் வேலை பெரிதாக இருந்திருக்கும்.

அறிவுரை சொல்லும் ஆசை இங்கேதான் வெடிக்கும். ‘நீங்கள் வேலையை மாத்துங்கோ’, ‘மாமியோட தனியாக் கதையுங்கோ’. எங்கள் சமூகத்தில் மூத்தவரிடம் போனால் புத்தி சொல்வார் என்ற எதிர்பார்ப்பு உண்டு, அவரும் கேட்பார்: “நீங்களே சொல்லுங்கோ, நான் என்ன செய்ய?” முற்றாக மறுத்தால் குளிராகத் தெரியும். நான் செய்வது: “எனக்கு ஒரு எண்ணம் இருக்கு, சொல்லுறன். அதுக்கு முதல் நீங்கள் என்னென்ன யோசிச்சுப் பார்த்தனீங்கள்?” பத்தில் எட்டுத் தடவை என் எண்ணத்தைச் சொல்லவேண்டி வருவதில்லை.

10. குறிப்பும் உங்கள் நெஞ்சும்

ஒவ்வொரு சந்திப்புக்கும் அரைப் பக்கம் போதும்: வந்த நிலை, ஆபத்து மதிப்பீடு, செய்தது, கொடுத்த வேலை, அடுத்தது. கோப்பின் மேல் பெயர் வேண்டாம், இலக்கம் போடுங்கள். இலக்கமும் பெயரும் உள்ள பட்டியல் வேறு பூட்டுக்குள். இன்னொருவர் வாசித்தால் துணைநாடிக்கு வெட்கம் வரும் விவரங்களை, சிகிச்சைக்குத் தேவையில்லையென்றால், எழுதாதீர்கள்.

ஒருவரின் சந்திப்பு நாள் வரும்போது உங்களுக்கு வயிற்றைப் பிசைந்தால், அல்லது அவருக்கு மட்டும் நேரம் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தால், உடனே மேற்பார்வையாளரிடம் போங்கள். இரண்டும் ஒரே வகை அறிகுறி.

11. முடிவை நடுவிலேயே தொடங்குங்கள்

திடீரென்று ‘இன்றோடு போதும்’ என்பது, ஆட்களைச் சொல்லாமல் இழந்தவர்களுக்குப் பழைய இழப்பின் மறுபதிப்பு. இலக்கில் பாதி எட்டியதும் முடிவைப் பற்றிக் கதைக்கத் தொடங்குங்கள். கிழமைக்கு ஒன்றாக இருந்ததை இரண்டு கிழமைக்கு ஒன்றாக்குங்கள், பிறகு மாதம் ஒன்று. இடைவெளியில் சறுக்கினால் நல்லதுதான். தானே எப்படி எழுந்தார் என்று சேர்ந்து பார்க்க உங்களுக்கு இன்னும் சந்திப்புகள் மிச்சம் இருக்கும்.

கடைசிக்கு முந்தைய சந்திப்பில் ஒரு தாளில் எழுதவையுங்கள்: திரும்ப வருகிறது என்பதற்கு என் முதல் மூன்று அறிகுறிகள், அப்போது நான் செய்யப்போவது, யாருக்குச் சொல்வேன். கைப்பைக்குள் வைக்கும் அளவுக்கு மடியட்டும்.

கடைசி நாள் பலகாரத்தோடு வருவார்கள். வாங்குங்கள், அங்கேயே பிரித்து ஒன்றை எடுத்து அவருக்கும் கொடுங்கள். வளையல், சேலை, காசு என்றால் அவர் முகம் வாடாமல் மறுக்கும் வசனத்தை முன்கூட்டியே பழகி வையுங்கள். கலியாணத்துக்கு அழைத்தால் நான் போவதில்லை. யார் என்று கேட்டால் அங்கே அவர் பொய் சொல்ல வேண்டி வரும்.

கோப்பை அன்றே மூடி வைக்கலாம். ஆனால் அவருடைய நேரத்தை அடுத்த இரண்டு கிழமைக்கு இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். செவ்வாய் பின்னேரம் நாலு மணி என்று ஒரு வருடம் பழகியவர் சில நேரம் அதே நாலு மணிக்குப் போன் எடுப்பார், சும்மா, கதவு இன்னும் திறக்குமா என்று பார்க்க. அப்போது நீங்கள் எடுக்கக்கூடியவராக இருக்க வேண்டும்.